கற்றுக்குட்டிகளின் சனிக்கிழமை

படுத்தாலும் போகாத களைப்பு ஒன்று உண்டு. ஞாயிறு முழுக்கத் தூங்கினாலும் திங்கட்கிழமை காலையில் அது அப்படியே இருக்கும். ஆனால் தோழிகளோடு நாள் முழுக்க வெயிலில் அலைந்துவிட்டு, கால் கடுக்க வீடு வந்து செருப்பைக் கழற்றும்போது பார்த்தால் அந்தக் களைப்பைக் காணோம். உடம்பு அலுத்திருக்கிறது, மனசு லேசாகிவிட்டது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. ஓய்வு தராத தெம்பை அலைச்சல் எப்படித் தருகிறது?

இடமாற்றம்தான் காரணம் என்பார்கள். அப்படியென்றால் குடும்பத்தோடு போகும் சுற்றுலாவும் அதே பலனைத் தர வேண்டும். தருவதில்லை. மாத்திரை டப்பா, சார்ஜர், பெரியவர்களுக்குக் காரமில்லாத சாப்பாடு, பிள்ளைக்கு ஜன்னலோர சீட்டு என்று வீட்டு நிர்வாகம் அப்படியே கூடவே ரயிலேறி வருகிறது. பேச்சுதான் காரணம் என்றும் சொல்லலாம். மனம்விட்டுப் பேசப் போன் போதும். ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டே ஒரு மணி நேரம் பேசத்தான் செய்கிறோம். அந்தப் பேச்சு பாரத்தை இறக்குகிறது, சரி. புதுசாகத் தெம்பு எதையும் ஏற்றுவதில்லை.

நாங்கள் நால்வரும் கல்லூரியில் ஒரே வகுப்பு. ஒருத்தி வங்கி மேலாளர். ஒருத்தி பள்ளித் தலைமை ஆசிரியை. இன்னொருத்தி மாமனார் தொடங்கிய மருந்துக் கடையை நடத்துகிறாள். எழுத்து என் பிழைப்பு. நால்வருக்கும் தோதாக ஒரு சனிக்கிழமை அமைந்தால் மூன்றில் ஒன்று நடக்கும். கையால் எதையாவது செய்து பார்க்கப் போவோம். யார் வீட்டிலாவது உட்கார்ந்து தேயிலைகளை ருசி பார்ப்போம். இல்லையென்றால் சென்னைக்குள்ளேயே ஏதாவது ஒரு பேட்டைக்குப் போய்ச் சுற்றுவோம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத காரியங்கள். மூன்றிலும் அந்தத் தெம்பு கிடைக்கிறது. அப்படியானால் மூன்றுக்கும் பொதுவாக ஏதோ இருக்க வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் இருக்கிறது தட்சிணசித்ரா. மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1996-ல் திறந்த இடம். தென் மாநிலங்களின் பழைய வீடுகளை அவை இருந்த ஊரில் பிரித்து, தூணும் உத்தரமும் கதவுமாகக் கொண்டுவந்து இங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுந்து கொஞ்ச தூரம் நடந்தால் கேரளத்து மரவீடு. இன்னும் கொஞ்சம் நடந்தால் கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடு. வருகிறவர்கள் மண் சக்கரத்தில் கை வைத்துப் பார்க்கவும் அங்கே வழி உண்டு.

வங்கி மேலாளர்தான் முதலில் உட்கார்ந்தாள். பானை வனைவதைப் பார்க்கும்போது சுலபமாகத்தான் தெரியும். சுற்றுகிற சக்கரத்தில் மண் உருண்டை சரியாக நடுவில் நிற்க வேண்டும். நூலிழை விலகினாலும் சுவர் எழும்ப எழும்ப ஆட்டம் கூடிக்கொண்டே போகும். நடுவில் நின்ற பிறகு கட்டைவிரல்களால் குழி பறித்து, உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை வைத்து மண்ணை மேலே ஏற்ற வேண்டும். அவள் கை மண்ணோடு சேர்ந்து ஆடியது. “மண்ணு போற பக்கமெல்லாம் கைய விடாதீங்கம்மா. கை நின்ன எடத்துலயே நிக்கட்டும், மண்ணு தானா வழிக்கு வரும்” என்றார் வனைபவர். வழிக்கு வந்தது. விளிம்பு ஒரு விரல்கடை உயர்ந்தது. அடுத்த சுற்றில் ஒரு பக்கம் தொய்ந்து மடங்கிப் படுத்துவிட்டது.

“இது தட்டாடி, கிண்ணமா?” என்று கேட்டாள் தலைமை ஆசிரியை.

“இன்னும் சாங்ஷன் ஆகலை. பெண்டிங்ல இருக்கு.”

வனைபவரும் சேர்ந்து சிரித்துவிட்டார். பெரிய பெரிய கடன்களுக்குக் கையெழுத்துப் போடுகிற கை அது. அலுவலகத்தில் அது தடுமாறியதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்கும்படி அவள் விட்டிருக்கவும் மாட்டாள். இங்கே முழங்கை வரை சேறு பூசிக்கொண்டு, “இன்னொரு உருண்டை குடுங்க” என்று கேட்டாள்.

தேயிலை விவகாரம் மருந்துக் கடைக்காரி வீட்டு மொட்டை மாடியில் நடக்கும். குன்னூர்ப் பக்கத்து ஆர்த்தடாக்ஸ் தேயிலை, அஸ்ஸாம் சி.டி.சி., டார்ஜிலிங்கின் இளவேனில் கொழுந்து, கொஞ்சம் கிரீன் டீ. எல்லாம் ஒரே செடிதான். பறித்த இலையை வாட்டுவது, உருட்டுவது, எவ்வளவு நேரம் காற்று பட விடுவது, எப்போது சூடு காட்டி உலர்த்துவது என்பதில் பச்சையும் கறுப்பும் பிரிந்துவிடுகின்றன. 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் இலை, மூடி வைப்பது 6 நிமிடம் என்று அவள் கறாராக இருப்பாள். அது ஐ.எஸ்.ஓ. 3103 என்று 1980-ல் வந்த சர்வதேசத் தர நிர்ணயம். ருசியான டீக்குச் செய்முறை சொல்வது அதன் நோக்கமில்லை. எந்த ஊரில் போட்டாலும் ஒரே மாதிரி போட்டால்தான் இலையை இலையோடு ஒப்பிட முடியும், அதற்காக வகுத்தது. இதே முறையை ஆறு பக்கத்துக்கு விவரித்த பிரிட்டிஷ் தர ஆவணத்துக்கு 1999-ல் கேலியாக இக் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

ஊறிய பிறகு உறிஞ்ச வேண்டும், அதுவும் சத்தத்தோடு. ‘சத்தம் போடாமல் குடி’ என்று பிள்ளைகளை அதட்டியே பழகிய தலைமை ஆசிரியைக்கு முதலில் கூச்சமாக இருந்தது. தேயிலையைச் சுவைத்து மதிப்பிடுவதே தொழிலாக உள்ளவர்கள், கரண்டியில் எடுத்துச் சர்ரென்று இழுத்துவிட்டுத் துப்பிவிடுவார்கள். காற்றோடு கலந்து திவலையாகத் தெறித்தால்தான் மணம் தொண்டை வழியே மூக்குக்கு ஏறும். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்று நாக்குக்குத் தெரிந்தவை கொஞ்சம். ருசி என்று நாம் சொல்லிக்கொள்வதில் பெரும்பங்கு மூக்கின் உபயம்.

‘நல்லா இருக்கு’ என்பதைத் தாண்டி முதலில் யாருக்கும் பேச்சு வரவில்லை. வாழ்நாளெல்லாம் டீ குடித்தவர்களிடம் டீயைப் பற்றிச் சொல்ல ஒரு சொல் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மருந்துக் கடைக்காரி டார்ஜிலிங்கை உறிஞ்சிவிட்டு, “வைக்கோல்” என்றாள். அதுவரை எனக்குத் தட்டுப்படாத வைக்கோல் அடுத்த மடக்கில் தட்டுப்பட்டது. அஸ்ஸாமைத் தலைமை ஆசிரியை “புதுக் கோணி” என்றாள். “போடி, அது வறுத்த பார்லி” என்று மறுப்பு எழுந்தது. சண்டை முற்றி இன்னொரு முறை போட்டுக் குடித்தோம். இரண்டுமே அந்தக் கோப்பையில் இருந்தன.

பேச்சு கொழுந்து கிள்ளும் விரல்களுக்குப் போயிற்று. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் கூடலூர்ப் பெண்ணின் தாத்தா இலங்கை மலையகத்திலிருந்து வந்தவராம். 1964-ல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் அங்கிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்கள் பல. அவர்களுக்குப் பிழைப்பு தருவதற்காகவே தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் போட்டது. டான்டீ என்று பாக்கெட்டில் பார்க்கிறோமே, அதுதான். தினமும் குடிக்கிற ஒன்றைப் பற்றி எங்களுக்குத் தெரிந்திருந்தது சர்க்கரை எவ்வளவு என்பது மட்டுமே.

இவ்வளவுக்கும் பிறகு கடை டீயை இளக்காரமாகப் பார்க்கத் தோன்றினால் ருசி கெட்டுவிட்டது என்று அர்த்தம். டஸ்ட் தூளில் டிகாஷன் இறக்கி, பால் சேர்த்து, மாஸ்டர் ஆற்றிக் கொடுக்கும் டீக்கு வேறு வேலை. அதை அது பிரமாதமாகச் செய்கிறது. மாடியிலிருந்து இறங்கியதும் நாங்கள் போவது தெருமுனைக் கடைக்குத்தான்.

ஊர் சுற்றலுக்கு ஜார்ஜ் டவுனை மிஞ்சிய இடமில்லை. உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் போதும். ஆண்டர்சன் தெருவில் காகிதம், கோடவுன் தெருவில் துணி என்று தெருவுக்கு ஒரு சரக்கு. காகிதக் கடைக்காரர் ஒருவர் தாளின் மூலையை இரண்டு விரலுக்கு நடுவே ஒருமுறை தேய்த்துவிட்டு, “நூத்தி இருபது ஜி.எஸ்.எம்.” என்றார். காகிதத்தை நம்பியே பிழைக்கும் எனக்கு, ஒரு தாளின் கனத்தை விரலால் அறியலாம் என்பதே புதுச் செய்தி.

பக்கத்தில், அரண்மனைக்காரன் தெரு என்று ஊர்ச் சனம் சொல்லும் ஆர்மீனியன் தெருவில், 1772-ல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம் இருக்கிறது. உலகத்திலேயே ஆர்மீனிய மொழியில் வந்த முதல் பத்திரிகை ‘அஸ்தரார்’. அது 1794-ல் சென்னையில் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மவோனியனின் கல்லறை இந்த வளாகத்துக்குள் இருக்கிறது. தலைமை ஆசிரியை சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவள். வரலாறு பாடம் நடத்துகிறவள். இந்த வாசலைத் தாண்டி எத்தனையோ தடவை போயிருக்கிறாள். “நாம வெளியூர்க்காரிங்கதான்டி” என்றாள். வெளியே வந்ததும் ஒரு கடைக்காரர், “எங்கம்மா போகணும்?” என்று வழி சொல்லத் தயாரானார். “தெரியலீங்க, சும்மா சுத்துறோம்” என்றபோது அவர் எங்களை விநோதமாகப் பார்த்தார்.

அந்தப் பதிலில்தான் விஷயம் இருக்கிறது. மண் சக்கரத்தின் முன்னாலும், தேயிலைக் கோப்பையின் முன்னாலும், ஜார்ஜ் டவுன் தெருவிலும் நாங்கள் ஒன்றும் தெரியாதவர்கள். மூன்றுக்கும் பொதுவானது அதுதான்.

நாற்பதைத் தாண்டியதும் எல்லாம் தெரிந்தவராக இருப்பதே ஒரு முழுநேர வேலையாகிவிடுகிறது. அலுவலகத்தில் கீழே உள்ளவர்கள் முடிவை எதிர்பார்த்து முகத்தைப் பார்க்கிறார்கள். வீட்டில் பிள்ளையின் காலேஜ் அட்மிஷனுக்கும் அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கும் நம்மிடம்தான் பதில் கேட்கிறார்கள். வாட்ஸப் குழுவில்கூடக் கருத்து இல்லாதவருக்கு மரியாதை இல்லை. இவற்றில் பாதி நமக்கு உண்மையாகவே தெரிந்திருக்கும். மீதிக்குத் தெரிந்ததுபோல முகத்தை வைத்துக்கொள்கிறோம். தூங்கினாலும் போகாத அந்தக் களைப்பு, இந்த மீதியிலிருந்து வருகிறது. உடம்பின் அலுப்பாக இருந்தால் படுக்கை தீர்த்துவிடும். முகத்தை இறுக்கிப் பிடித்திருப்பதால் வரும் அலுப்பைப் படுக்கை என்ன செய்யும்?

அப்படியென்றால் தனியாகவே கற்றுக்குட்டியாக இருந்துவிட்டுப் போகலாமே, தோழிகள் எதற்கு? யூடியூப் பார்த்து வீட்டிலேயே மண் பிசையலாம். மண் சரியும்போது எரிச்சல் வரும்; சிரிக்க ஆளிருக்காது. பயிற்சி வகுப்பில் சேரலாம். அங்கே பக்கத்து மேஜைக்காரியின் கிண்ணம் நன்றாக வந்திருக்கிறதா என்று கண் போகும். அந்த இறுக்கிய முகம் திரும்பி வந்துவிடும். பழைய சிநேகிதர்களிடம் மட்டும் அது செல்லாது. நமக்கு எதுவுமே தெரியாத வயதில், பதவியும் பெயரும் வருவதற்கு முன்னால், நம்மை அப்படியே ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களிடம் மறைக்க ஒன்றுமில்லை, மறைத்தாலும் எடுபடாது. நட்பைப் பற்றி அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்கள் எழுதிய வள்ளுவர், அதில் ஒன்றைப் பழைமைக்கே ஒதுக்கியிருக்கிறார். நெடுநாள் பழகியவர்கள் உரிமை எடுத்துக்கொள்வதைப் பற்றிய அதிகாரம் அது. ‘இது தட்டாடி, கிண்ணமா?’ என்று ஒரு மேலாளரைக் கேட்கும் உரிமைக்கு அங்கே இடம் உண்டு.

இந்தச் சலுகை சுலபமாகக் கெட்டும் போகும். சரிந்த கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு, நன்றாக வந்ததை மட்டும் படமெடுத்து ஸ்டேட்டஸில் போட நினைத்த நொடியில் நாம் மறுபடி தெரிந்தவர்களாகிவிடுகிறோம். கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் விஷயம் தெரிந்திருந்தாலும் ஆபத்துதான். அவர் பாடம் நடத்த ஆரம்பிப்பார், மற்றவர்கள் குறிப்பெடுப்பார்கள்.

ஆகையால் உங்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது ஒன்றுதான். இந்த மாதத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். உங்களைப் பெயர் சொல்லி, ‘டா’ போட்டோ ‘டி’ போட்டோ கூப்பிடுகிற பழைய ஆட்களாகப் பார்த்துச் சேருங்கள். உங்களில் எவருக்குமே தெரியாத ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுங்கள்: ஓலை முடைவதோ, பொம்மைக்கு வண்ணம் தீட்டுவதோ, நுழைந்தே பார்த்திராத ஒரு தெருவோ. தாராளமாகத் தப்புத்தப்பாகச் செய்யுங்கள். தவறிப்போய் நன்றாக வந்துவிட்டால், அடுத்த மாதம் வேறொன்றுக்கு மாறிவிடுங்கள்.