மேல் எது, கீழ் எது

நட்ட வயலில் தண்ணீர் வடியாமல் நின்றால் எங்கள் டெல்டாவில் கூண்டுப்புழு விழும். நெல் இலையின் நுனியைக் கத்தரித்தாற்போல் வெட்டி, தன் நூலால் குழலாகச் சுருட்டி, உள்ளே கொஞ்சம் தண்ணீரும் வைத்துக்கொண்டு குடியிருக்கும் பச்சைப் புழு. உடம்பின் இருபுறமும் மயிரிழை போலச் செவுள்கள், மூச்சு அவற்றில்தான். பகலில் கூண்டோடு மிதக்கும், காற்றடித்தால் வரப்போரம் ஒதுங்கும். மண்ணெண்ணெயில் நனைத்த கயிற்றை இரண்டு பேர் பயிர்மேல் இழுத்துப் போனால் கூண்டுகள் உதிரும். பிறகு தண்ணீரை வடித்துவிட வேண்டும். தப்பியது விரல்நகம் அளவு வெள்ளை அந்துப்பூச்சியாகி ராத்திரி விளக்குக்கு வரும்.

விளக்குக்கு வரும் அந்தப் பூச்சிகளைச் சொல்லித்தான் எங்களைத் திட்டுவார்கள். "விளக்கப் பாத்து விழுற விட்டில் மாதிரி துபாய்னு ஓடுறானுவ." துபாயின் சத்வாவில் அடுக்குக் கட்டிலில் படுத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் ஊரில் இதைச் சொல்ல ஒரு மாமா இருக்கிறார். பூச்சிக்கே அது பொருந்தாது என்று தெரிந்தபின் எனக்கு வலியோடு கோபமும் சேர்ந்துகொண்டது.

2024இல் இம்பீரியல் கல்லூரியின் சாமுவேல் ஃபேபியனும் சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கோஸ்டாரிகா காட்டிலும் ஆய்வகத்திலும் விளக்கைச் சுற்றும் பூச்சிகளை அதிவேகக் கேமராவில் பிடித்திருந்தார்கள். பூச்சி விளக்கை நோக்கிப் பாயவில்லை. தன் முதுகை அதற்குக் காட்டுகிறது. இரவிலும் தரையைவிட வானம்தான் வெளிச்சம். வெளிச்சம் இருக்கும் பக்கம் முதுகு இருந்தால் மட்டம் தப்பாது. கோடிக்கணக்கான ஆண்டுகள் பலித்த கணக்கு. பக்கத்தில் பல்பு எரிந்தால் அந்தப் பக்கம் சாய்ந்து சுற்றத் தொடங்குகிறது. விளக்கு கீழே இருந்தால் தலைகீழாகப் புரண்டு விழுகிறது. நேராகப் பறக்க முயன்றுதான் விழுகிறது. எல்லாமும் அல்ல, அரளிச்செடியின் பருந்து அந்து விளக்கைக் கடந்து போய்விட்டது.

என் மேல்கட்டிலில் படுக்கிற தம்பி திருத்துறைப்பூண்டிப் பக்கம், இங்கே தையல்கடையில் வேலை. காஜா எடுப்பதில் கெட்டிக்காரர். ஆட்காட்டி விரல்நுனி ஊசி குத்திக் குத்திக் காய்த்திருக்கிறது. உயரமான கட்டடங்களை அவர் நிமிர்ந்து பார்த்து நான் பார்த்ததில்லை. அப்பாவின் பயிர்க்கடன், தங்கையின் படிப்பு இரண்டையும் சமாளிக்க, தெருவில் முன்னால் போனவர்கள் எந்தப் பக்கம் போனார்களோ அந்தப் பக்கம் வந்தார். அதை மோகம் என்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவருடைய ஆசை எது என்று எனக்குத் தெரியும்: ஊர் பஸ் ஸ்டாண்டு அருகே சொந்தமாக ஒரு மெஷின் போடுவது.

அவரைச் சுற்றவைப்பது துபாயின் வெளிச்சமில்லை. ஏஜென்டுக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கிய காசு. முதல் ஒப்பந்தம் முழுவதும் அதற்கே போயிற்று.

அதே ஆய்வில் இன்னொன்றும் செய்திருந்தார்கள். வெளிச்சத்தைத் தலைக்குமேல் விரித்த வெள்ளைத் துணியில் பரவலாகப் படரவிட்டபோது, பூச்சிகள் அதன் அடியில் நேராகப் பறந்துபோயின. விளக்கை அணைக்க வேண்டியிருக்கவில்லை. எங்களுக்கும் அப்படி ஒன்று காகிதத்தில் இருக்கிறது. ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்கிறது அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பதிவுபெற்ற ஏஜென்டுக்கு இந்திய விதியில் 30,000 ரூபாய் உச்சவரம்பு. இவை திருத்துறைப்பூண்டி வரை எட்டவேண்டும், சீக்கிரம் எட்டவேண்டும். தம்பியின் தம்பிக்கு வீட்டில் இப்போது பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.