பழந்தந்தமும் முதற்சீலமும்



முன்னோர் காலத்தில் செதுக்கப்பட்ட யானைத் தந்தச் சிற்பமொன்றை இன்று விலைகொடுத்து வாங்குதல் குற்றமாகுமா? “அவ்வியானை மாண்டு நூறாண்டாயிற்று, நான் கொல்லவுமில்லை, கொல்லும்படி ஏவவுமில்லை” என்கின்றனர் சேகரிப்போர். இதனை எளிதில் தள்ளலாகாது. எண்ணமே வினையென்பது பகவனின் போதனை. தமக்கெனக் கொல்லப்பட்டதாகக் காணாத, கேளாத, ஐயுறாத ஊனைப் பிக்குகளும் ஏற்கலாம் என்கிறது விநயம். பழந்தந்தத்திற்கு மட்டும் அவ்விதி பொருந்தாதோ?

பொருந்தாது. முதற்காரணம், ஐயம் நீங்காமை. புதுத் தந்தத்தைத் தேநீரில் ஊறவைத்துப் பழுப்பேற்றிப் பழம்பொருளென விற்போர் உளர். வாங்குவோன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

இரண்டாவது காரணம் விலை. சிற்பம் மெய்யாகவே பழையதாயினும், அதற்குக் கொடுத்த விலை பழையதன்று. ஆலைத்தொழிலில் தலை நரைத்தவன் யான். கடைவீதியில் துணிக்குக் கிராக்கி ஏறினால் ஆலையில் இரவு முறையும் ஓடும். துணி வாங்கியவர் எவரும் வந்து எங்களை ஏவியதில்லை. அவ்வாறே தந்தத்தின் மதிப்பு நகரத்தில் உயருங்கால் காட்டில் துப்பாக்கி வெடிக்கிறது.

இந்தியா தன் யானைகளின் தந்த வணிகத்தை 1986-லும், ஆப்பிரிக்கத் தந்த வணிகத்தை 1991-லும் தடைசெய்தது. பிரிட்டன் 2018-ல் இயற்றிய சட்டமோ, 1918-க்கு முற்பட்ட சிறந்த கலைப்பொருள்கள் முதலிய சிலவற்றுக்கு வழிவிட்டிருக்கிறது. சட்டம் விட்ட வழியெல்லாம் சீலம் விட்ட வழியாகாது.

சாஞ்சியின் தெற்குத் தோரண வாயிலைக் காண்மின். விதிசை நகரத்துத் தந்தச் சிற்பிகள் அங்குச் செதுக்குவேலை செய்தனரென அதன் கல்வெட்டே கூறுகிறது. அவ்வாயிலிலேயே சத்தந்த சாதகமும் கல்லில் விளங்குகிறது. காசியரசி யானையின் தந்தங்களை விரும்பினாள். நஞ்சம்பு தொடுத்துப் பெற்றுவந்தான் வேடன். அவள் காடேகவில்லை, வில்லேந்தவுமில்லை. எனினும் அத்தந்தங்களைக் கண்டதும் நெஞ்சு வெடித்து மாண்டாள். வேடனை அனுப்பியது அவள் விருப்பமன்றோ?

ஆயின், முன்னரே வீட்டிலுள்ள பழஞ்சிற்பத்தை உடைத்தெறிய வேண்டுவதில்லை. உடைப்பதால் யானை உயிர்பெறாது. சிற்பியின் உழைப்பும் வீணாகும். சட்டத்திற்கு உட்பட்டு அதனைப் போற்றி வைக்கலாம், காட்சிச்சாலைக்கு ஈயலாம். விற்றலும் வாங்குதலுமே ஆகாதவை. அது பகவனின் திருவுருவமாயிருப்பின் இன்னும் விழிப்பு வேண்டும். கருணையாளரின் வடிவம் நம் மாடத்தை அலங்கரிப்பதற்காக மற்றோர் உயிர் காட்டில் வீழ நாம் காரணமாகலாகாது.