இல்லத்தில் ஆயுதமும் இளம் மழலையும்

நம் மதரஸாக்களில் இன்றளவும் ஓதிக் கொடுக்கப்பெறும் ஷாஃபிஈ சட்ட நூல்களுள் தலையாயது இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்'. ஹிஜ்ரி 676-இல், அதாவது கி.பி. 1277-இல் மறைந்த அப்பேரறிஞர், தியத் எனும் உயிரீட்டுத் தொகையைப் பற்றிய பாடத்தில் ஒரு வழக்கை எடுத்து வைக்கிறார்கள். மொட்டைமாடியின் விளிம்பில், நன்மை தீமை பிரித்தறியாத ஒரு குழந்தை நிற்கின்றது. எவனோ ஒருவன் அதனை நோக்கி உரக்கக் கூச்சலிடுகின்றான். குழந்தை வெருண்டு, தவறி விழுந்து இறந்துபடுகின்றது. கூச்சலிட்டவன் குழந்தையைத் தீண்டவில்லை, தள்ளவுமில்லை. எனினும் அவ்வுயிருக்குத் தியத் கடமையாகின்றது என்பது தீர்ப்பு. அதே விளிம்பில் பருவமடைந்த ஒருவன் நின்றிருந்து, அதே கூச்சலுக்கு அஞ்சி விழுந்தானாயின், வலுவான கருத்தின்படி தியத் இல்லை. ஆயுதத்தை உருவிக் காட்டுவதும் கூச்சலைப் போன்றதே என்று இதனை அடுத்து ஒரு குறிப்பும் வருகின்றது.

இப்பாடத்தை ஓதும் மாணவர் தவறாது வினவுவதொன்றுண்டு. செயல் ஒன்றாக இருக்கத் தீர்ப்பு இரண்டாவது எங்ஙனம்? செயலை அதனைச் செய்தவனிடத்தில் மட்டும் வைத்துப் பார்த்தால் இதற்கு விடை கிட்டாது. எதிரே நிற்பவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் அறிவு படைத்தவரா, அல்லரா என்பதையும் சேர்த்தே அச்செயல் எடை போடப்படுகின்றது. பெரியவர்கள் மட்டும் வாழும் வீட்டில் குற்றமற்றதாய் இருந்த ஒன்று, மழலை தவழும் வீட்டில் குற்றமாகி விடலாம்.

இதனை இப்போது எடுத்துரைப்பதற்குக் காரணம் அமெரிக்க நாட்டிலிருந்து வரும் செய்திகளாம். அந்நாட்டில் 1 வயது முதல் 19 வயது வரையுள்ளோரின் உயிரைப் பறிக்கும் காரணங்களுள், சாலை விபத்துகளையும் பின்தள்ளி, துப்பாக்கி 2020-ஆம் ஆண்டில் முதலிடத்திற்கு வந்தது. 2015-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட ஒரு கணிப்பின்படி, தோட்டா நிரப்பப்பட்டுப் பூட்டப்படாத துப்பாக்கி உள்ள இல்லங்களில் வாழ்ந்த அந்நாட்டுச் சிறார் சற்றொப்ப 46 இலட்சம் பேர். அவ்வில்லங்களில் வாழ்வோர் கொடியவர் அல்லர். நம்மைப் போன்று பிள்ளைகளின் நெற்றியில் முத்தமிட்டு உறங்க வைப்பவர்களே.

"இது நமக்கு எதற்கு? நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றவரன்றோ துப்பாக்கி வைத்திருக்கக் கூடும். நம் தெருவில் அத்தகைய வீடு எங்கே இருக்கிறது?" என்று வாசகர் கேட்கலாம். மெய்தான். ஆயினும் நம் ஊர்களின் பிள்ளைகள் இன்று அந்நாட்டில் குடும்பத்தோடு குடியேறியுள்ளனர். நம் பேரப்பிள்ளைகள் அங்குள்ள அண்டை வீடுகளில் விளையாடுகின்றனர். அங்கு வாழும் முஸ்லிம்களுள்ளும், அச்சத்தின் காரணமாகத் தாமே துப்பாக்கி வாங்கியோர் உண்டு. ஆதலின் இவ்வினா நம் வீட்டு வாயிலுக்கும் வந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும்.

துப்பாக்கி வைத்திருக்கும் பெற்றோர் பலரும் கூறும் விடை ஒன்று உண்டு: "எங்கள் பிள்ளைக்குச் சொல்லி வைத்திருக்கிறோம், அவன் தொட மாட்டான்." இவ்விடைதான் நம் சிந்தனைக்கு உரியது. 2001-ஆம் ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் ஏட்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 8 முதல் 12 வயது வரையுள்ள சிறுவர் 64 பேரை இருவர் மூவராக 29 குழுக்களாக்கி, ஒவ்வொரு குழுவையும் ஓர் அறையில் கால் மணி நேரம் வரை விட்டனர். அறையின் இழுப்பறை ஒன்றில் விளையாட்டு நீர்த்துப்பாக்கிகள். மற்றொன்றில் சுட இயலாதவாறு செய்யப்பட்ட மெய்யான கைத்துப்பாக்கி. பெற்றோரின் இசைவோடு, ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடி வழியே ஆய்வாளர் கவனித்தனர். 21 குழுவினர் அத்துப்பாக்கியைக் கண்டெடுத்தனர். அவர்களுள் 16 குழுவினர் கையிலெடுத்துப் பார்த்தனர். 10 குழுக்களில் யாரேனும் ஒருவன் விசையை இழுத்தே விட்டான். கையிலெடுத்தோரிலும் விசையை இழுத்தோரிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோர், துப்பாக்கியைப் பற்றி முன்னரே எச்சரித்துச் சொல்லப்பட்டவர்கள். கண்டெடுத்த சிறுவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் அதனைப் பொம்மை என்று எண்ணினர், அல்லது மெய்யா பொய்யா என்று தெளியாதிருந்தனர்.

இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? பெருநாளன்று கடைவீதியில் பொட்டுவெடித் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தவர்கள் நாமன்றோ? மகன் குறிபார்த்துச் சுட, தந்தை மார்பைப் பிடித்துக்கொண்டு பாயில் சாய்ந்து நகைப்பதைக் கண்டு வளர்ந்த பிள்ளை, துப்பாக்கியைக் குறித்து எதனைக் கற்றிருக்கும்? விளையாட்டாகவேனும் ஒருவர்மீது ஆயுதத்தை நீட்டுதல் ஆகாது, அவர் உடன்பிறந்த சகோதரராயினும் ஆகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்து தடுத்துள்ளார்கள். இந்த விளையாட்டைப் பெருநாள் மகிழ்ச்சி என்று நாம் பாராமுகமாய் விட்டுவிடுவது நமக்கு உடன்பாடில்லை.

மற்றோர் ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. அலபாமா மாநிலத்தில், துப்பாக்கி உள்ள வீடுகளின் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியே வினவினர். துப்பாக்கி இருக்கும் இடம் பிள்ளைக்குத் தெரியாது என்று உரைத்த பெற்றோருள் நூற்றுக்கு 39 பேரின் பிள்ளைகள் அவ்விடத்தை அறிந்திருந்தனர். பிள்ளை அதனைத் தொட்டதே இல்லை என்று உறுதி கூறியோருள் நூற்றுக்கு 22 பேரின் பிள்ளைகள், தாம் தொட்டதுண்டு என்றனர். அலமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்த பண்டத்தை நோன்பு நாளிலும் மோப்பம் பிடித்துவிடும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி, பொறுப்பு யாருடையது என்னும் வினாவிற்கு வருவோம். இத்தகைய துயரம் நேரும்போது செய்தித்தாள்கள், "மூன்று வயதுச் சிறுவன் சுட்டான்" என்று எழுதுகின்றன. வினைமுற்றின் எழுவாயாகக் குழந்தை வந்துவிடுகின்றது. இஸ்லாமியச் சட்டவியலில் நேரடியாகச் செய்தவன் 'முபாஷிர்'. காரணமாய் நின்றவன் 'முதஸப்பிப்'. இவ்விருவரும் சேருமிடத்துத் தீர்ப்பு நேரடியாகச் செய்தவனையே சாரும் என்பது பொதுவிதி. 1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசு தொகுத்து வெளியிட்ட 'மஜல்லா'வின் 90-ஆம் விதியும் இதுவே. இவ்விதியை மேலோட்டமாகக் கற்றவர், "துப்பாக்கியை வைத்தவர் தகப்பன்தான், ஆனால் விசையை இழுத்தது குழந்தையன்றோ" என்று தகப்பனை விடுவித்து விடக்கூடும்.

ஆனால் இங்கே முபாஷிராக நிற்பவர் யார்? எவருடைய வினைகளைப் பதியாமல் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்று நபிமொழி கூறுகின்றதோ, அம்மூவருள் ஒருவர். பிரித்தறியாக் குழந்தையை ஏவி ஒருவன் கொலை செய்வித்தால், அக்குழந்தை ஏவியவனின் கையிலுள்ள கருவியைப் போன்றதே என்று நம் ஷாஃபிஈ இமாம்கள் வகுத்துள்ளனர். ஹனஃபி நூல்களிலோ, பிடித்திருக்குமாறு ஒரு சிறுவனிடம் கத்தியைக் கொடுக்க, அது நழுவி விழுந்து அவனைக் காயப்படுத்தினால், கொடுத்தவன் பொறுப்பாளி என்று வருகின்றது. ஏவுதல் வேறு, கையில் கொடுத்தல் வேறு, எட்டும் இடத்தில் விட்டு வைத்தல் வேறு என்பதை நாம் மறக்கவில்லை. இவை மூன்றையும் ஒரே தரத்தில் வைத்து ஃபத்வா வழங்குவது நம் நோக்கமன்று, அதற்குரியோர் முஃப்திகள். நாம் சொல்வது உள்ளத்தின் கணக்கைப் பற்றியது. குழந்தையிடமிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டதென்றால், அங்கு எழுதப்பட வேண்டிய பொறுப்பு காற்றில் கரைந்து போவதில்லை. அருகிலிருக்கும் வளர்ந்தவரின் ஏட்டில் அது கூடுதலாக எழுதப்படுகின்றது. "தொடாதே என்று சொன்னேனே" என்பவர், தமக்குரிய சுமையில் பாதியை, அதனைச் சுமக்க வேண்டியதில்லை என்று படைத்தவனே விலக்கு அளித்த ஒரு தோளின்மீது ஏற்றிவிடுகின்றார். பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது கடமைதான். அது பூட்டுக்கு ஈடாகாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆயுதங்களை எவ்வாறு புழங்கச் சொன்னார்கள் என்பதை நோக்கினால் இது இன்னும் தெளிவாகும். அம்புகளோடு பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ செல்வோர் அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ளுமாறு பணித்தார்கள். உறையினின்று உருவிய வாளை ஒருவர்க்கொருவர் கைமாற்றுவதைத் தடை செய்தார்கள். மதீனாவில் ஒரு வீடு இரவில் அவ்வீட்டாரோடு எரிந்த செய்தி எட்டியபோது, உறங்கச் செல்லும் முன் நெருப்பை அணைத்துவிடுமாறு கூறினார்கள். இம்மூன்றிலும், "கவனமாக இருங்கள்" என்னும் வெறும் அறிவுரை இல்லை. முனையை மூடு, உறையிலிடு, அணைத்துவிடு என்று பொருளின்மீதே கை வைக்கும் கட்டளைகள் அவை. மனிதன் மறப்பான், அயர்வான், உறங்குவான் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்ட கட்டளைகளுங்கூட. நம் வீட்டுப் பெண்மணிகள் காய் நறுக்கிய பின் அரிவாள்மணையைச் சாய்த்து வைத்துவிட்டே எழுந்து செல்வதும், கத்தியைக் கையில் தராமல் தரையில் வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்வதும் இந்த அறிவின் பாற்பட்டவையே. ஹதீஸ் கற்ற ஆடவர் பலருக்கு இல்லாத நுட்பம் இது.

துப்பாக்கிக்கு இதன் பொருள் யாதெனில்: தோட்டாக்களை நீக்குக, துப்பாக்கியைப் பூட்டி வைக்க, தோட்டாக்களை வேறோர் இடத்தில் வைத்து அதனையும் பூட்டுக. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், இவை ஒவ்வொன்றும் தனித்தனியே இளையோரின் விபத்துகளும் தம்முயிரை மாய்த்துக்கொள்ளும் நிகழ்வுகளும் குறைந்திருப்பதோடு தொடர்புடையதாய்க் காணப்பட்டது. தோட்டாக்கூட்டைக் கழற்றிவிட்டால் போதும் என்று எண்ணுவோர் பலர். கழற்றிய பின்னரும் குழலின் அடியிலுள்ள அறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கக் கூடும், அவ்வொன்றே போதுமானது. சிறு குழந்தையின் விரலுக்கு வலு ஏது என்பதும் வீண் நம்பிக்கை. துப்பாக்கியைத் தன்பக்கம் திருப்பி, கட்டைவிரலால் விசையை அழுத்தும் மழலைகள் உண்டு.

"இரவில் கள்வன் வந்தால் பூட்டைத் திறந்துகொண்டா இருப்பது?" என்னும் மறுப்பைப் புறந்தள்ள இயலாது. உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமையை நம் மார்க்கமும் ஏற்கின்றது. எண்களை அழுத்தியோ விரல்ரேகையாலோ சில நொடிகளில் திறக்கும் பெட்டகங்கள் இன்று உள்ளன. அச்சில நொடிகளும் மிகை என்பவர் ஒன்றை நிறுத்துப் பார்க்கட்டும்: கள்வன் வருவது ஐயத்திற்குரியது, குழந்தை அவ்வீட்டில் நாள்தோறும் இருப்பது உறுதியானது. "கத்ரு எப்படியோ அப்படி நடக்கும்" என்போருக்கு, ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது நம்பிக்கை வைக்கச் சொன்ன நபிமொழியை நினைவூட்டுவதற்கு மேல் நாம் சொல்ல ஒன்றுமில்லை.

பிள்ளை வளர்ந்துவிட்டால் பூட்டு தேவையில்லை என்பதும் பிழை. பதின்ம வயதில் வேறோர் ஆபத்து பிறக்கின்றது. ஒரு தேர்வின் தோல்வியில், ஒரு சொல்லின் காயத்தில், அவ்வயதினரின் உள்ளம் ஓர் இரவில் இருண்டு, மறுநாள் தெளிவதுண்டு. அந்த ஓர் இரவைக் கடக்கப் பூட்டு உதவுகின்றது. சினம் மூளும் நெஞ்சுக்கும் அவ்வாறே. மிச்சிகன் மாநிலத்தில் 2021 நவம்பரில் 15 வயது மாணவன் ஒருவன் தன் பள்ளியில் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். அதற்கு நான்கு நாட்கள் முன்னரே தந்தை அவனுக்காக அக்கைத்துப்பாக்கியை வாங்கியிருந்தார். மகனுக்கு ஆயுள் தண்டனை விதித்த நீதிமன்றம், 2024-இல் தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனியே 10 முதல் 15 ஆண்டுச் சிறை விதித்தது. நம் மத்ஹபில் பருவமடைந்ததன் அறிகுறி தென்படாதோர்க்கும் 15 சந்திர ஆண்டுகள் நிறைவுற்றால் பொறுப்பு வந்துவிடும்; ஆகவே அங்கு மகனும் குற்றவாளியே. ஒருவரின் குற்றம் மற்றவரின் குற்றத்தைக் கழித்துவிடாது என்று அந்நாட்டு நீதிமன்றம் கண்டதில் நமக்கு மாறுபாடில்லை.

இறுதியாக ஒன்று, பேரப்பிள்ளைகளைக் காணக் கடல் கடந்து செல்லும் பெரியோருக்கும், அங்கு வாழும் நம் மக்களுக்கும். பிள்ளையை வேற்று வீட்டிற்கு விளையாட அனுப்பும் முன், "உங்கள் வீட்டில் துப்பாக்கி உள்ளதா? பூட்டியிருக்கிறதா?" என்று கேட்டறியுமாறு அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்களே பெற்றோர்க்கு அறிவுறுத்துகின்றனர். நம்மவர்க்கு இது கூச்சம் தருவதாகும். விருந்தோம்பும் வீட்டாரைச் சோதிப்பது போலவும், பிறர் அந்தரங்கத்தைத் துருவுவது போலவும் தோன்றும். துருவி ஆராய்வதைக் குர்ஆன் தடுத்திருப்பதையும் சிலர் எடுத்துக்காட்டக் கூடும். அத்தடை பிறர் குறைகளைத் தேடித் தூற்றுவதைப் பற்றியது. உணவு ஹலாலா என்று அதே வீட்டாரிடம் நாணாமல் கேட்கின்றோம். நாய் கட்டியிருக்கிறதா என்று வாயிலில் நின்றே கேட்கின்றோம். அவற்றோடு சேர்த்து இதனையும் தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம். பூட்டி வைத்திருக்கும் வீட்டார் இதனைக் குறையாகக் கொள்ளார். விடை மழுப்பலாக வருமாயின், அவ்வீட்டுப் பிள்ளையை நம் வீட்டிற்கு விளையாட அழைத்துக்கொள்ளலாம்.