பிராண முத்திரை: விரல் நுனியில் உயிர்க்காற்று

மோதிர விரல், சுண்டு விரல் இரண்டின் நுனிகளையும் பெருவிரல் நுனியோடு சேர்த்து, சுட்டு விரலையும் நடுவிரலையும் நீட்டி வைக்கும் கைநிலைக்குப் பிராண முத்திரை என்று பெயர். சோர்வு நீங்கவும் உயிராற்றல் பெருகவும் இதைச் செய்கிறார்கள். விரல் நுனிகள் தொட்டுக்கொள்வதற்கும் உயிராற்றலுக்கும் என்ன தொடர்பு என்பதற்கு மரபு ஒரு விடையும் இன்றைய கையேடுகள் வேறொரு விடையும் தருகின்றன.

பிராணன் என்பது வெறும் மூச்சுக்காற்று அன்று. தைத்திரீய உபநிடதம் மனிதனை ஐந்து உறைகளாகப் பகுக்கிறது. அன்னத்தால் ஆன உடலுக்கு உள்ளே, அதை இயக்கும் இரண்டாவது உறை பிராணமயம். பிரச்ன உபநிடதத்தின் மூன்றாம் வினா, இந்தப் பிராணன் எங்கிருந்து பிறக்கிறது, உடலில் தன்னை எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறது என்று கேட்கிறது. அரசன் ஊருக்கு ஓர் அதிகாரியை அமர்த்துவதுபோல் முதன்மைப் பிராணன் மற்ற வாயுக்களை அவரவர் இடத்தில் வைக்கிறது என்பது பிப்பலாத முனிவர் தரும் விளக்கம். அபானன் கழிவுகளை வெளியேற்றுகிறது. சமானன் உண்டதைச் சமமாகப் பிரித்துத் தருகிறது. வியானன் நாடிகளெங்கும் பரவுகிறது. உதானன் மேல்நோக்கிச் செல்கிறது. தமிழ்ச் சித்தர் மரபு இந்த ஐந்தோடு நாகன், கூர்மன் முதலான ஐந்தைச் சேர்த்துத் தசவாயு என்று எண்ணும்.

ஹடயோக நூல்களில் தேடினால் இந்தக் கைநிலை கிடைக்காது. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகையின் மூன்றாம் அத்தியாயம் பத்து முத்திரைகளை விளக்குகிறது. கேரண்ட சம்ஹிதை இருபத்தைந்து சொல்கிறது. மகாமுத்திரை, கேசரி, மூலபந்தம், விபரீதகரணி என்று அவற்றுள் பெரும்பாலானவை உடல் முழுவதையோ தொண்டை, வயிறு, நாக்கு ஆகியவற்றையோ பயன்படுத்தி மூச்சைக் கட்டும் முறைகள். விரல்களைச் சேர்த்துக்கொண்டு உட்காருவது அவற்றின் அக்கறை அன்று.

விரல் முத்திரைகளின் உண்மையான தாய்வீடு பூஜை. தெய்வத்துக்கு நிவேதனம் செய்யும்போது பூஜிப்பவர் இடக்கையால் கவளம் ஏந்தும் முத்திரையைக் காட்டி, வலக்கையால் ஐந்து வாயுக்களுக்கும் ஒவ்வொரு முத்திரை காட்டுகிறார். பிராணனுக்குச் சுண்டு விரலும் மோதிர விரலும் பெருவிரலோடு சேரும். அபானனுக்குச் சுட்டு விரலும் நடுவிரலும். சமானனுக்கு ஐந்து விரல்களும் கூடும். மற்ற இரண்டில் நூலுக்கு நூல் வேறுபாடு உண்டு. இன்று யோக வகுப்பில் கற்பிக்கப்படும் பிராண முத்திரையும் இந்த நிவேதன முத்திரையும் விரலுக்கு விரல் ஒன்றுதான். அபான முத்திரையில் அந்த ஒற்றுமை இல்லை: இன்றைய கையேடுகள் அதற்கு நடுவிரலையும் மோதிர விரலையும் சொல்கின்றன.

இந்தச் சடங்குக்கும் பின்னால் போனால் சாந்தோக்கிய உபநிடதத்தின் ஐந்தாம் அத்தியாயம் வரும். உண்ணும் முதல் கவளங்களை உள்ளிருக்கும் பிராணன்களுக்கு ஆகுதியாக இட வேண்டும் என்கிறது அது. உண்பவரின் உடலே அங்கு வேள்விச்சாலை. வைதிக வழக்கமுள்ள வீடுகளில் இலையைச் சுற்றி நீர் வார்த்து, சிறு கவளங்களைப் பல்லில் படாமல் விழுங்கும் பரிசேஷணம் இதன் தொடர்ச்சி. இங்கே கவனிக்க வேண்டியது, எவரிடமிருந்து எவருக்கு என்பது. மரபில் பிராணன் உபசரிக்கப்படும் விருந்தாளி. முத்திரை கொடுப்பதற்கான சைகை. இன்றைய பயிற்சியில் அதே விரல்கள் பெறுவதற்காகச் சேர்கின்றன. கைநிலை மாறவில்லை, நோக்கம் தலைகீழாகிவிட்டது. இந்த மாற்றத்தை முத்திரை நூல்கள் பெரும்பாலும் பேசுவதில்லை.

அவை பேசுவது பஞ்சபூதக் கணக்கை. பெருவிரல் நெருப்பு, சுட்டு விரல் காற்று, நடுவிரல் ஆகாயம், மோதிர விரல் நிலம், சுண்டு விரல் நீர். ஆகவே பிராண முத்திரையில் நெருப்பு நிலத்தையும் நீரையும் தொட்டு அவற்றைத் தூண்டுகிறது என்பது வாதம். ஆனால் தாந்திரிக மானச பூஜையில் வேறொரு வரிசை உண்டு. பெருவிரல் ஆகாயம், பின்னர் காற்று, நெருப்பு, நீர் என இறங்கிச் சுண்டு விரலில் நிலம் முடிகிறது. நுண்மையிலிருந்து பருமைக்கு இறங்கும் இந்த வரிசை தத்துவ நோக்கில் ஒழுங்கானது. அதை ஏற்றால் பிராண முத்திரையில் நெருப்புக்கே இடமில்லை. ஒரே கைக்கு இரண்டு வரைபடங்கள் இருக்கும்போது, விரலுக்கும் பூதத்துக்கும் உள்ள உறவை உடற்கூறாகக் கொள்ள முடியாது. அது பாவனைக்காக ஏற்கப்பட்ட ஒதுக்கீடு என்றே கொள்ள வேண்டும்.

பிராணாயாமத்தில் இன்னொரு தடயம் கிடைக்கிறது. நாடி சுத்தி செய்யும்போது பெருவிரல் வலது நாசியை, அதாவது பிங்கலையை அடைக்கிறது. மோதிர விரலும் சுண்டு விரலும் இடது நாசியான இடகலையை அடைக்கின்றன. மற்ற இரண்டு விரல்களுக்கும் வேலையில்லை. பிராண முத்திரையில் சேர்வதும் இதே மூன்று விரல்கள்தான். இது தற்செயலாகவும் இருக்கலாம். என்றாலும் மூச்சை ஆளும் விரல்களையே பிராணனுக்குரியனவாகக் கருதுவது, பூதக் கணக்கைவிட நம்பத் தகுந்த காரணமாகத் தெரிகிறது.

பயிற்சி எளியது. சுகாசனத்திலோ நாற்காலியிலோ முதுகை நிமிர்த்தி உட்கார வேண்டும். இரு கைகளையும் உள்ளங்கை மேல்நோக்க முழங்கால்மேல் வைத்து விரல்களைச் சேர்க்க வேண்டும். அழுத்தம் வேண்டியதில்லை, தொட்டிருந்தால் போதும். நீட்டிய விரல்கள் விறைக்கக் கூடாது; தோள் இறங்கியிருக்க வேண்டும். மூச்சு தன் போக்கில் நீண்டு மெதுவாகும். பத்துப் பதினைந்து நிமிடம் தொடக்கத்துக்குப் போதுமானது. விரல் மூட்டுகளில் வலி உள்ளவர்கள் நுனிகளை நெருக்கமாக வைத்துக்கொண்டாலே போதும். பீகார் யோகப் பள்ளியின் சுவாமி சத்யானந்த சரஸ்வதி தம் நூலில் பிராண முத்திரை என்று விளக்குவது வேறொன்று: மூச்சை இழுக்கும்போது கைகளை அடிவயிற்றிலிருந்து படிப்படியாக உயர்த்தி இருபுறமும் விரித்து, விடும்போது இறக்கும் பயிற்சி அது. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

பயன் என்ன என்பதில் நிதானம் தேவை. மூளைப் புறணியின் தொடுவுணர்வுப் பகுதியில் கைக்கும் விரல்களுக்கும் உடலளவை மீறிய பெரிய இடம் உண்டு என்பதை வைல்டர் பென்ஃபீல்டின் ஆய்வு 1937இல் வரைந்து காட்டியது. விரல் நுனியில் நிறுத்திய கவனம் அலைபாயும் மனத்துக்கு ஒரு பிடி ஆவதை இது ஓரளவு விளக்கும். உடலில் புது ஆற்றல் ஊறுவதை இது நிறுவாது. அசையாமல் அமர்ந்து மூச்சை மெதுவாக்கினாலே நாடித்துடிப்பு தணிந்து உடல் இளைப்பாறும். அந்தப் பயனிலிருந்து விரல்களின் பங்கை மட்டும் பிரித்தெடுப்பது கடினம். பார்வைக் குறை தீரும், கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்பன போன்ற வாக்குறுதிகளுக்கு மரபிலும் ஆதாரமில்லை, மருத்துவத்திலும் இல்லை. நாள்பட்ட சோர்வுக்கு இரத்தசோகையோ தைராய்டு குறையோ சர்க்கரை நோயோ காரணமாக இருக்கலாம். அதை மருத்துவரிடம் காட்டிய பிறகும் இந்தப் பயிற்சியைத் தொடர்வதற்குத் தடை ஏதுமில்லை.