செத்தபிறகு சேர்த்துவைக்கிறவர்கள்

மாட்டுப் பொங்கலன்று மாலை திருவண்ணாமலை திருவூடல் வீதியில் நிற்க இடம் கிடைக்காது. அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலை அம்மனுக்கும் சண்டை நடக்கும் நாள் அது. அம்மனை விட்டுவிட்டு அவரை மட்டும் வணங்குகிற பிருங்கி முனிவருக்கு அவர் பரிந்துகொண்டு போகிறார் என்பது அம்மனின் கோபம். சாமி தூக்குகிறவர்கள் முன்னே வருவதும் பின்னே போவதுமாகப் போக்குக் காட்டுவார்கள். கடைசியில் அம்மன் விறுவிறுவென்று கோயிலுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்வாள். சாமி வெளியே. மறுநாள் மலையைச் சுற்றிவிட்டு வந்து அவர் சமாதானமாவதற்கு மறுவூடல் என்று பெயர்.

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் வருஷம் தவறாமல் போய் நிற்பேன். ஒரு காதல் சண்டைக்காக ஊரே தெருவில் திரண்டு சிரிப்பதையும் உச்சுக்கொட்டுவதையும் வேறு எந்த நாளில் பார்க்க முடியும்? இந்த முறை பக்கத்தில் நின்ற ஆயா, "பாவம், சாமிய வெளிய நிக்க வச்சிட்டாளே" என்றார்.

"ஏன் ஆயா, உங்க பேத்தி வேற ஆளுங்க பையனோட வாசல்ல வந்து நின்னா கதவத் தொறப்பீங்களா?"

"பொங்கலும் அதுவுமா பேச்சப் பாரு. வாயக் கழுவுப்பா."

அந்தக் கேள்வி மனதை விடவில்லை. அன்று இரவு 1939இல் வந்த 'வுதரிங் ஹைட்ஸ்' படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். எமிலி பிராண்டி 1847இல் எழுதிய நாவல். லிவர்பூல் தெருவில் கிடந்த ஹீத்கிளிஃப் என்ற அனாதைப் பையனை ஒரு பண்ணைக்காரர் வீட்டுக்குத் தூக்கிவருகிறார். அந்த வீட்டுப் பெண் காத்தரினுக்கு அவன்மேல் உயிர். ஆனால் அவனைக் கட்டிக்கொண்டால் தன் தரம் தாழ்ந்துவிடும் என்று, வசதியான லிண்டனைக் கட்டிக்கொள்கிறாள். பிறகு செத்துப்போகிறாள். ஹீத்கிளிஃபின் நிறம் கறுப்பு. கப்பலில் கூலிக்குப் போன நம் பக்கத்து லஸ்கர்களின் பிள்ளையாக இருக்குமோ என்று நாவலில் ஒருவருக்குச் சந்தேகமே வருகிறது. படத்தில் அவனாக நடித்தவர் வெள்ளைக்காரர் லாரன்ஸ் ஒலிவியர்.

இயக்குநர் வில்லியம் வைலர் படத்தைச் சாவோடு முடித்தார். தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வினுக்கு அது பிடிக்கவில்லை. பிணத்தைக் காட்டி எந்த முதலாளிதான் திரையை மூடுவார்? இரண்டு ஆவிகளும் கைகோத்துப் பாறைமேல் நடந்துபோகிற மாதிரி ஒரு காட்சி வேண்டும் என்றார். வைலர் முடியாது என்றார். வேறொரு இயக்குநரைக் கூப்பிட்டு, நாயகன் நாயகிக்குப் பதில் ஆள் போட்டு எடுத்து ஒட்டினார்கள். நாம் கண்ணீர் விடுகிற அந்தக் கடைசிக் காட்சியில் ஒலிவியரும் இல்லை, நாயகி மெர்ல் ஒபரானும் இல்லை.

நாவலிலும் ஆவிப் பேச்சு உண்டு. ஆடு மேய்க்கிற பையன் ஒருவன் பார்த்ததாகச் சொல்லி அழுகிறான். எமிலி அதை ஊர்ப்பேச்சாகவே விட்டுவிடுகிறார். அவர் உழைத்து எழுதியது வேறு ஒன்றை: நாவலின் பின்பாதியை. காத்தரினின் மகள், எழுதப் படிக்கத் தெரியாமல் வேண்டுமென்றே வளர்க்கப்பட்ட ஹேர்ட்டன் என்ற இளைஞனை முதலில் கேலி செய்கிறாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து படிக்கக் கற்றுக்கொடுக்கிறாள். புத்தாண்டு நாளில் இருவருக்கும் கல்யாணம் என்று நாள் குறிக்கிறார்கள். உயிரோடு இருக்கிற இரண்டு பேர், கையில் ஒரு புத்தகம். ஹாலிவுட் அந்தப் பாதியை மொத்தமாக வெட்டிவிட்டு ஆவிகளை வைத்துக்கொண்டது. செத்தவர்களைச் சேர்த்துவைக்க யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நிலத்தில் பங்கு கேட்கமாட்டார்கள். பந்தியில் நம் பக்கத்தில் வந்து உட்காரமாட்டார்கள். பேரப்பிள்ளைக்கு என்ன சாதிச் சான்றிதழ் என்ற கேள்வியும் வராது.

மெர்ல் ஒபரானின் கதை இதைவிடக் கொடுமை. அவர் பிறந்தது 1911இல், பம்பாயில். அம்மா என்று அழைத்த சார்லட் செல்பி, இலங்கை வேர் கொண்ட கலப்பினப் பெண். உண்மையில் அவருக்குப் பாட்டி. கலப்பினம் என்பது தெரிந்தால் சினிமாவில் வேலை போய்விடும் என்று, டாஸ்மேனியாவில் பிறந்த வெள்ளைக்காரி என்று கதை கட்டினார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சார்லட் வேலைக்காரி. 1937இல் அவர் இறந்தபிறகு மெர்ல் ஓவியரை வைத்து அவர் உருவத்தை வரையச் சொன்னார், வெள்ளைத் தோலோடு. ஆக, கறுப்பனைக் கட்டினால் தரம் தாழும் என்று திரையில் சொன்ன காத்தரின், தன் சொந்த நிறத்தை மறைத்துக்கொண்டு நின்ற பம்பாய்ப் பெண். 1979இல் சாகும்வரை அவர் அதைத் திறந்து சொல்லவில்லை. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாதிப் பெயர் தெரியாத தெருவாகப் பார்த்து வாடகைக்கு வீடு தேடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

அந்த ஓவியரின் வேலையை நம்மூரில் கதைப்பாட்டுக்காரர்கள் எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள். மதுரை வீரனை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன், பாளையக்காரர் மகள் பொம்மியைக் காதலித்துக் கூட்டிப்போனவன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்தவன். இன்று மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தருகே அவனுக்குச் சந்நிதி. ஆனால் கதையைக் கேளுங்கள்: அவன் பிறந்தது அரண்மனையிலாம், சகுனம் சரியில்லை என்று காட்டில் விட்டார்களாம். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படமும் அப்படியே சொன்னது. காதலுக்காகக் கொன்றோம், பயந்து சாமியாக்கினோம், சாமியாக்கியபின் பிறப்பைத் திருத்தினோம். கோல்ட்வின் ஒரு காட்சிதான் ஒட்டினார்.

காதலுக்காகக் கொல்வது கதைப்பாட்டோடு முடியவில்லை. 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள் கண்ணகியும் முருகேசனும். அவர் பொறியியல் பட்டதாரி, தலித். பெண் வன்னியர். ஜூலை 8 அன்று விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் இருவருக்கும் ஊரார் கண்முன்னே விஷம் கொடுத்து எரித்தார்கள். தீர்ப்பு வர 18 ஆண்டுகள். பெண்ணின் அப்பாவும் அண்ணனும் குற்றவாளிகள், வழக்கைத் திரித்த 2 காவல் அதிகாரிகளும் கூட. கணவனுக்காக மதுரையை எரித்த கண்ணகிக்கு 1968இல் மெரினாவில் சிலை வைத்த மாநிலம் இது. அந்தப் பெயரையே ஆசையாய் மகளுக்கு வைத்த வீட்டில்தான் இது நடந்தது. இந்த இருவரும் மேலுலகில் சேர்ந்திருப்பார்கள் என்று யாராவது ஆறுதல் சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அவர்கள் சேர்ந்திருக்க நினைத்தது ஒரு வாடகை வீட்டில்.

அம்மன் சாத்திய கதவு ஓர் இரவில் திறந்துவிடுகிறது. இதே திருவண்ணாமலை மாவட்டத்தில் தண்டராம்பட்டுப் பக்கம் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைந்தது 2023 ஜனவரி 30 அன்று, போலீஸ் காவலோடு. அதற்கு ஏறக்குறைய 80 ஆண்டுகள் பிடித்தன. கார்த்திகைத் தீபத்தன்று அண்ணாமலையார் கோயிலில் ஆணும் பெண்ணும் ஓருடலாக அர்த்தநாரீஸ்வரர் சில நிமிஷம் ஆடி வரும்போது லட்சக்கணக்கான கைகள் மேலே போகின்றன. அந்தக் கைகளில் எத்தனை, வீட்டுக்குப் போய் மகளின் செல்போனைப் பிடுங்கும் என்று கணக்கெடுக்க எனக்கு ஆசை.

மறுநாள் மறுவூடலுக்கும் போனேன். அதே ஆயா, அதே இடம். "தொறந்துட்டாங்க பாத்தியா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"நேத்து நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலயே ஆயா."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "நீ எங்கப்பா பொண்ணு குடுத்திருக்க?"

சொந்தத்தில்தான் கொடுத்திருந்தேன். ஜாதகம் பார்க்கவில்லை, ஐயரைக் கூப்பிடவில்லை என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் கற்பூரத் தட்டு வந்துவிட்டது. ஆயா கண்ணில் ஒற்றிக்கொண்டு, என்னை விலக்கிவிட்டு முன்னே நகர்ந்தார்.