அரை வினாடியும் அமானிதமும்

நம்பிக்கை இருக்கும்வரை அதன் இருப்பை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அது உடைந்த பின்னரே, நம் வாழ்வு எவ்வளவு தூரம் அதன்மீது ஊன்றி நின்றது என்பதை உணர்கிறோம். கடைக்காரரின் தராசையும் மருந்து கலப்பவரின் அளவையும் பேருந்து ஓட்டுபவரின் விழிப்பையும் நாம் நாள்தோறும் சோதித்துக் கொண்டிருப்பதில்லை. அவரவர் கடமையை அவரவர் செய்வர் என்று கொண்டே வாழ்கிறோம். இவ்வாறு ஒருவர் கையில் மற்றவர் விட்டுவைக்கும் பொறுப்புக்கு நம் மார்க்கம் இட்ட பெயர் அமானிதம்.

அந்த அமானிதம் கணினி உலகில் சோதனைக்குள்ளான ஒரு நிகழ்ச்சியை ஈண்டு எண்ணிப் பார்ப்போம்.

2024ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள், வெள்ளிக்கிழமை. ரமலான் மாதத்தின் பாதி கடந்திருந்த நேரம். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஆண்ட்ரெஸ் ஃப்ரூண்ட் என்னும் பொறியாளர் அன்று வெளியிட்ட ஓர் அறிவிப்பு, உலகெங்குமுள்ள கணினித் துறையினரைத் திடுக்கிடச் செய்தது. அவர் திருடனைத் தேடிச் சென்றவரல்லர். ஒரு தரவுத்தள மென்பொருளின் வேகத்தைச் சோதித்துக் கொண்டிருந்தவர். தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழைவதற்குரிய எஸ்.எஸ்.எச். என்னும் வாயில், ஏறத்தாழ 0.3 வினாடியில் முடிக்க வேண்டிய பணிக்கு 0.8 வினாடி எடுத்துக்கொள்வதை அவர் கண்டார். வேறுபாடு அரை வினாடிதான்! 'ஏதோ ஒரு காரணம் இருக்கும்' என்று தள்ளிவிட்டிருந்தால் அவரை எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் தள்ளிவிடவில்லை.

காரணத்தைத் தோண்டிச் சென்ற தேடல், எக்ஸ்.இஸட். யுடில்ஸ் என்னும் சிறு கருவியில் போய் நின்றது. கோப்புகளைச் சுருக்கி வைப்பதும் விரித்துக் கொடுப்பதுமே அதன் வேலை. உலகின் பெரும்பாலான சர்வர்களை இயக்கும் லினக்ஸ் அமைப்புகளில் அது இடம்பெற்றிருக்கிறது. எவரும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்தலாம். எவரும் திறந்து படித்தும் பார்க்கலாம். அதைப் பல்லாண்டுகளாகப் பராமரித்து வந்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின். அவருக்கு அதற்காகச் சம்பளம் இல்லை. ஓய்வு நேரத்தில் செய்த தொண்டு அது.

2021ஆம் ஆண்டின் இறுதியில் ஜியா டான் என்னும் பெயருடன் ஒருவர் அங்கே உதவிக்கு வந்தார். சிறு பிழைகளைத் திருத்தினார், பணிவாகப் பேசினார், சலிப்பின்றி உழைத்தார். 2022இல் வேறு சில பெயர்களில் வந்தவர்கள், வேலை மெதுவாக நடக்கிறதென்று காலினைக் கடிந்து, பொறுப்பை இன்னொருவரிடம் கொடுக்கும்படி நெருக்கினார்கள். தமக்கு நெடுநாளாக நலக்குறைவு உண்டென்றும், இது ஊதியமற்ற பணி என்பதை மறக்க வேண்டாமென்றும் காலின் விடையளித்தார். நாளடைவில் ஜியா டானுக்குப் பொறுப்பில் பங்கு கிடைத்தது. 2023இல் புதிய பதிப்புகளை வெளியிடும் உரிமையும் அவர் கைக்கு வந்தது. 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளிவந்த 5.6.0, 5.6.1 என்னும் இரு பதிப்புகளில், சோதனைக்கென்று வைக்கப்பட்ட கோப்புகளுக்குள்ளே ஒரு கள்ள வாசல் புதைந்திருந்தது. அதற்குரிய இரகசியத் திறவுகோலை வைத்திருப்பவர், அப்பதிப்பு நுழைந்து அமைந்த கணினிகளில் தாம் விரும்பியதைச் செய்ய இயலும். ஜியா டான் என்பது ஒரு மனிதரா, ஒரு கூட்டமா என்பது வெளிப்படவில்லை.

இக்குறைபாட்டின் கடுமைக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் இடப்பட்டது. டெபியன், ஃபெடோரா போன்ற அமைப்புகளின் சோதனைப் பதிப்புகள் வரை அது வந்துவிட்டது. பெருவாரியான மக்கள் சார்ந்திருக்கும் நிலையான பதிப்புகளை எட்டுமுன் பிடிபட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி அமைதி கொள்ளலாம். ஆனால் அத்துடன் சிந்தனையை முடித்துக்கொள்ள முடியுமா?

துறையைச் சேர்ந்தவர்கள் அப்போது மூவகையாகப் பேசினர். "மூலம் திறந்திருந்ததால்தான் திருட்டு வெளிப்பட்டது, எங்கள் முறை வென்றது" என்றனர் ஒரு சாரார். "வென்றது முறையன்று, தற்செயல், அந்த அரை வினாடி தாமதம் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்றனர் மற்றொரு சாரார். "ஒரு தனி மனிதரின் இலவச உழைப்பின்மீது கோடிகளை ஈட்டும் நிறுவனங்கள், அவர் களைத்தபோது எங்கே இருந்தன?" என்று கேட்டனர் மூன்றாம் சாரார். மூன்றிலும் உண்மை உண்டு. எனினும் இவற்றுக்கு அடியில் இரண்டு அறக்கேள்விகள் இருக்கின்றன. அவை கணினிக்கு மட்டும் உரியவை அல்ல.

முதற் கேள்வி இது: இரண்டாண்டுக்கும் மேலாக ஜியா டான் செய்த பணிகளில் பல உண்மையிலேயே பயன் தந்தவை. அவற்றை நற்செயல் என்பதா? பயனை மட்டும் அளப்பவர் 'ஆம்' என்பார். செயலின் மதிப்பை நிய்யத்தில் காணும் நாமோ 'இல்லை' என்போம். ஆனால் நிய்யத்து உள்ளத்தில் மறைந்திருப்பது. அதை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. அப்படியானால் மனிதர் மனிதரை எதைக் கொண்டு நம்புவது?

நயவஞ்சகம் நற்பணியின் ஆடை அணிந்து வருவது நம் வரலாற்றுக்குப் புதிதன்று. பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்திலேயே, தபூக் பயணத்தையொட்டி, முனாபிக்குகள் மதீனாவின் அருகே ஒரு பள்ளிவாசலை எழுப்பினர். நலிந்தவர்களுக்கும் மழையிரவில் வரும் தொழுகையாளிகளுக்கும் வசதியாக இருக்குமென்று காரணம் சொன்னார்கள். கட்டியது தொழுகைக்குரிய இல்லம். கருதியது சமுதாயத்தைப் பிளப்பது. அதன் உள்நோக்கத்தை இறைவன் அறிவித்தான், கட்டடம் அகற்றப்பட்டது. வஹீயின் வழியே அன்று திரை விலகியது. வஹீ வருவது நின்றுபோன பின்னர் வாழும் நமக்கு வழி என்ன?

முன்னோர் நமக்கு ஒரு வழியை விட்டுச் சென்றிருக்கிறார்கள். ஹதீஸ்களைத் திரட்டிய இமாம்கள், சொன்னவர் நல்லவராகத் தோன்றுகிறார் என்பதற்காக எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. உலகில் பொய்யர் உண்டு என்பதற்காக அனைத்தையும் தள்ளிவிடவும் இல்லை. சொன்னவர் யார், எங்கே வாழ்ந்தார், எவரிடம் கேட்டார், நினைவாற்றல் எத்தகையது என்று தொடரின் ஒவ்வொரு கண்ணியையும் ஆராய்ந்தார்கள். தொடருடன் நில்லாமல், சொல்லப்பட்ட செய்தியையும் ஆராய்ந்தார்கள். இன்னார் என்று அறியப்படாத அறிவிப்பாளரை 'மஜ்ஹூல்' என்று தனியே குறித்து வைத்தார்கள். ஜியா டான் அந்த அளவுகோலில் ஒரு மஜ்ஹூல். அவரைத் தீயவர் என்று கருத 2022இல் எவருக்கும் ஆதாரம் இல்லை. ஆனால் திறவுகோலைத் தனியே ஒப்படைக்கும் அளவுக்கு அவரை அறிந்தவரும் எவருமில்லை.

"இவ்வாறு துருவிப் பார்ப்பது தீய எண்ணம் கொள்வதாகாதா? அதை மார்க்கம் தடுத்திருக்கிறதே!" என்று கேட்கலாம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சிகளை அமைக்கவும் கற்பிக்கும் வசனம் முஃமின்களை நோக்கியே பேசுகிறது. எழுதி வைப்பது சகோதரனைத் திருடன் என்பதற்காகவா? இல்லை. மறதியும் மரணமும் ஆசையும் மனிதருக்கு உண்டு என்பதற்காக. ஒருவரை ஐயுறுவது வேறு. பொறுப்பின் பெருமையை உணர்ந்து காவல் வைப்பது வேறு. முன்னது மனிதரை இழிவுபடுத்துகிறது. பின்னதோ பொறுப்பேற்றவரையும் வீண்பழியிலிருந்து காக்கிறது. ஒரு பெட்டிக்கு இரு பூட்டுகள் இட்டு, இருவர் கையில் சாவி கொடுத்தால், அந்த இருவரில் எவருடைய மானமும் குறைவதில்லை.

இரண்டாவது கேள்வி இதைவிடக் கடுமையானது: களைத்த மனிதர் ஒருவர் தம் சுமையை முன்பின் தெரியாதவரிடம் பகிர்ந்துகொண்டார். குற்றம் யாருடையது? வஞ்சித்தவருடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவரை அந்தத் தனிமையில் விட்டுவைத்தவர்களுக்குப் பங்கே இல்லையா?

பர்ளு கிஃபாயாவை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். ஜனாஸாத் தொழுகையை ஊரில் சிலர் நிறைவேற்றினால் மற்றவர்மீது குற்றமில்லை. எவருமே நிறைவேற்றாவிட்டால் ஊரே குற்றவாளி. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மருத்துவம், கணக்கு, வேளாண்மை, நெசவு, தையல் ஆகியவற்றையும் இவ்வகைக் கடமைகளில் சேர்த்தார்கள். அவையின்றிச் சமுதாயம் வாழ இயலாது என்பதே காரணம். வங்கியும் மருத்துவமனையும் அரசு அலுவலகமும் கணினியின்றி இயங்காத இன்று, அவற்றின் அடித்தளத்தைப் பராமரிப்பதும் அத்தகைய கடமையே அன்றோ? 'எவரோ ஒருவர் செய்கிறார்' என்று உலகம் அமைதியாக இருந்தது. அந்த எவரோ ஒருவர் சோர்ந்துவிட்டாரா என்று கேட்பதும் கடமையின் பகுதியே என்பதை மறந்தது.

இம்மறதி ஒரு முறை நேர்ந்ததன்று. இணையத்தில் கடவுச்சொற்களையும் கணக்குகளையும் காக்கும் ஓபன்.எஸ்.எஸ்.எல். என்னும் மென்பொருளில், 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்னும் பெரும் ஓட்டை வெளிப்பட்டது. உலக வாணிகமே சார்ந்திருந்த அப்பணிக்கு ஆண்டுதோறும் வந்த நன்கொடை ஏறக்குறைய 2,000 டாலர். முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர். அப்போதும் உலகம் திடுக்கிட்டது. பெருநிறுவனங்கள் கூடி நிதி ஒதுக்கின. ஆயினும் பத்தாண்டு கழித்து, இன்னொரு மூலையில் இன்னொரு தனி மனிதர் அதே நிலையில்தான் இருந்தார்.

வக்பை அறிந்த சமுதாயம் நாம். அறம் செய்த பெரியார்கள் பள்ளிவாசலைக் கட்டியதுடன் நிற்கவில்லை. விளக்கெண்ணெய்க்கு இவ்வளவு, இமாமுக்கு இவ்வளவு, மோதினாருக்கு இவ்வளவு என்று நிலத்தையும் கடையையும் எழுதி வைத்தார்கள். பொதுவான பயன் பொதுவான பொறுப்பின்றி நிலைக்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். எல்லாரும் பயன்படுத்தலாம் என்ற அளவில் திறந்த மூல மென்பொருள் வக்பைப் போன்றது. எண்ணெய்க்கு எவரும் எழுதி வைக்கவில்லை என்பதே அதன் குறை.

பணம் கொடுத்திருந்தால் வஞ்சகர் வந்திருக்க மாட்டாரா என்று கேட்பாரும் உண்டு. வந்திருப்பார். இரண்டாண்டுக்கு மேல் காத்திருக்கும் பொறுமை உடையவரைக் கூலி மட்டும் தடுக்காது. ஆனால் வாசலில் இருவர் இருந்திருந்தால், ஒருவர் களைத்த வேளையில் மற்றவர் விழித்திருந்திருப்பார். நெருக்கியவர்களுக்கு மறுமொழி சொல்ல ஒரு தோழர் இருந்திருப்பார். பணத்துடன் தோழமையும் அங்கே தேவைப்பட்டது. உழைப்பவரின் கூலியைத் தாமதிக்காதீர் என்று கற்பித்த நாயகம் (ஸல்) அவர்கள், உழைப்பவரால் இயலாத சுமையை ஏற்றாதீர் என்றும், ஏற்றினால் உடனிருந்து உதவுங்கள் என்றும் கற்பித்ததை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

நம் பிள்ளைகள் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் இத்துறையில் பணியாற்றுகிறார்கள். எவர் எழுதிய எதன்மீது தம் வேலை நிற்கிறது என்று அவர்கள் ஒரு முறையேனும் கேட்டுப் பார்க்கட்டும். இயன்ற உதவியை, ஒரு பிழைத்திருத்தமாகவோ நிறுவனத்தின் நன்கொடையாகவோ அனுப்பட்டும். இலவசமாகப் பெற்றதற்காக எவரையும் கடிந்து எழுதாதிருக்கட்டும். இத்துறையில் இல்லாத நமக்கும் இதில் பாடம் உண்டு. மஹல்லாவின் மதரஸாக் கணக்கையும் முதியோர் பராமரிப்பையும் ஜனாஸா ஏற்பாடுகளையும் ஒரே மனிதர் எத்தனை ஆண்டுகளாகச் சுமக்கிறார்? அவர் சோர்ந்துவிட்டாரா என்று நம்மில் யார் கேட்டிருக்கிறோம்?

ஏமாற்றப்பட்ட லாஸ்ஸே காலின் பொறுப்பைக் கைவிட்டு ஓடவில்லை. நஞ்சை நீக்கித் தூய்மை செய்த பதிப்பை 2024 மே மாதம் வெளியிட்டார். ஃப்ரூண்ட் அரை வினாடியை அற்பமென்று ஒதுக்கவில்லை. இவ்விருவரும் நம் மார்க்கச் சொற்களை அறிந்தவர்கள் என்று நாம் கூறவில்லை. ஆனால் அச்சொற்கள் சுட்டும் பண்பு அவர்களிடம் இருந்தது.

ஹிஜ்ரத்தின் இரவில், தம்மைக் கொல்லச் சூழ்ந்து நின்ற மக்காவாசிகள் நம்பி ஒப்படைத்திருந்த பொருள்களை உரியவரிடம் சேர்ப்பதற்காகவே, அலீ (ரலி) அவர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் அவ்வூரில் விட்டுச் சென்றார்கள். பகைவர்களின் அமானிதத்தையே அவ்வாறு காத்தவரின் உம்மத்து நாம். நமக்காகப் பெயரறியாத எவரோ காத்துவரும் அமானிதத்தில் நம் பங்கு என்ன என்று கேட்டுக்கொள்வது நமக்குக் கடமையாகும்.