வெற்றி யாருடையது?

ஒருவர் அடையும் வெற்றி அவருக்கு மட்டுமே உரியதா? அவர்பொருட்டுத் தோள் கொடுத்தோர்க்கும் அதில் பங்கு உண்டா? உண்டெனில், அந்தப் பங்கைக் கேட்டுப் பெறுவது முறையாகுமா? எளியனவாகத் தோன்றும் இவ்வினாக்கள் எத்தனையோ குடும்பங்களில் மனக்கசப்பை விதைத்திருக்கின்றன. ஆதலின் இவற்றைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம்.

இங்கிலாந்தின் வடமேற்கில் ஏரிகளும் மலைகளும் செறிந்த வட்டாரம் ஒன்றுண்டு. அங்குள்ள கெஸ்விக் என்னும் சிற்றூரில் விருந்தினர் விடுதி நடத்திவந்தவர் பாப் கிரஹாம். 1932 ஜூன் மாதத்தில் அவர் அவ்வூரிலிருந்து புறப்பட்டு, 42 மலையுச்சிகளை ஏறியிறங்கி, 23 மணி 39 நிமிடங்களில் புறப்பட்ட இடத்திற்கே மீண்டார். அப்பாதை இன்று ஏறத்தாழ 106 கிலோமீட்டர் நீளமுடையது. அதிலுள்ள ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் 8,000 மீட்டரை மிஞ்சும். அவருக்குப்பின் 1960இல்தான் வேறொருவர் அதனை ஒரு நாளுக்குள் ஓடி முடித்தார். இன்றோ இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் முடித்துள்ளனர். பாதை பாப் கிரஹாமின் பெயராலேயே வழங்குகிறது.

ஆயினும் அவர் தனியே ஓடவில்லை. நண்பர்கள் பகுதி பகுதியாக உடன் சென்றனர். இன்றும் அதுவே வழக்கம். உடன் ஓடுவோர் உணவும் நீரும் மாற்றுடையும் சுமக்கின்றனர். மூடுபனியில் வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு வழி காண்கின்றனர். செங்குத்தான ஒரு பாறையருகே கயிற்றோடு காத்திருக்கும் நண்பரும் உண்டு. 1971இல் தோன்றிய சங்கம் ஒரு விதி வைத்துள்ளது. ஒவ்வோர் உச்சியிலும் ஓடுபவரோடு ஒருவரேனும் இருந்து சான்று பகர வேண்டும். ஓடியவரின் சொல் மட்டும் போதாது.

பிறர் துணையால் பெற்ற வெற்றி வெற்றியாகுமா என்று சிலர் வினவலாம். நண்பர் சுமையைத்தான் தாங்குகிறார். ஏறும் கால்கள் ஓடுபவருடையவையே. ஆகவே உழைப்பு அவருடையது. ஆனால் அவ்வுழைப்பு உச்சியை எட்டியதும், எட்டியது மெய்யென நிலைத்ததும் தோழரால் அன்றோ!

தோழரின் நிலையையும் எண்ணிப் பார்ப்போம். அவர் ஓடுபவரினும் வலியவராக இருக்கலாம். ஆயினும் தம் வேகத்தை அடக்கி, தளர்ந்தவரின் அடியோடு தம் அடியைப் பொருத்துகிறார். நள்ளிரவில் மலையேறி, விடியலில் வீடு திரும்புகிறார். பாதையை முடித்தோர் பட்டியலில் அந்த உழைப்புக்காக அவர் பெயர் ஏறுவதில்லை. இது அவருக்கு இழப்பா?

இங்கே மற்றொரு மலை நம் நினைவுக்கு வருகிறது. விளையாட்டையும் ஹிஜ்ரத்தையும் ஒரு தட்டில் வைப்பது நம் நோக்கமன்று. தோழமையின் இலக்கணத்தைக் கற்கவே அம்மலையை நாடுகிறோம். 622ஆம் ஆண்டு, மக்காவுக்குத் தெற்கேயுள்ள தவ்ர் மலையை நோக்கி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடன் அபூபக்கர் (ரலி) அவர்கள் சென்றார்கள். பகைவர் பின்தொடர்வரோ என அஞ்சியபோது பின்னே நடந்தார்கள். எதிரே பதுங்கியிருப்பரோ என அஞ்சியபோது முன்னே நடந்தார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. குகையில் மூன்று இரவுகள் கழிந்தன. அவர்களின் மகனார் அப்துல்லாஹ் செய்தி கொணர்ந்தார். மகளார் அஸ்மா உணவு கட்டித் தந்தார். ஆமிர் இப்னு ஃபுஹைரா ஆடுகளை ஓட்டிவந்து பால் அளித்தார்.

திருமறையின் 9ஆம் அத்தியாயம் 40ஆம் வசனம் அக்குகையைக் குறிப்பிடுகிறது. ஆனால் அபூபக்கர் என்னும் பெயர் அங்கில்லை. தோழர் என்னும் பொருள்படும் சொல்லே இருக்கிறது. பெயரினும் பெரிய பேறன்றோ அது! உதவியவரின் கணக்கு இறைவனிடம் எழுதப்படுகிறது; மனிதரின் பட்டியலில் இடமில்லையே என அவர் வருந்த வேண்டியதில்லை.

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். மகன் பட்டம் பெற்று நிற்கிறான். அவனுக்காகச் சபுரில் இளமையைக் கழித்த வாப்பா, விடியுமுன் எழுந்து விளக்கேற்றிய உம்மா, தன் படிப்பை நிறுத்திக்கொண்ட அக்கா ஆகியோரின் பெயர்கள் அந்தப் பட்டத்தில் இல்லை. அவர்களுள் எவரேனும் செய்ததைச் சொல்லிக்காட்டினால், செய்த நன்மை தேய்ந்துவிடும். சொல்லிக்காட்டுதல் தருமத்தைப் பாழாக்கும் என்பது திருமறையின் எச்சரிக்கை. ஆனால் அவர்கள் வாய் திறவாமையைச் சாக்காகக் கொண்டு மகன் மறந்துவிடின், அதனினும் பெரிய குற்றம் வேறில்லை. மனிதர்க்கு நன்றி பாராட்டுவதை இறைவனுக்கு நன்றி பாராட்டுவதோடு பிணைத்தே பெருமானார் (ஸல்) போதித்தார்கள்.

ஆகவே வினாவுக்கு விடை இதுவே: வெற்றியில் தோழருக்குப் பங்குண்டு, அதனைக் கேளாதிருப்பது அவருடைய கண்ணியம், கேளாமலே கொடுப்பது வென்றவரின் கடமை. அக்காவின் தியாகத்தை அக்கா சொல்லக்கூடாது, தம்பி சொல்லாதிருக்கக்கூடாது. பாப் கிரஹாமின் பாதையில் துணைபெற்று ஓடியவர் அடுத்த ஆண்டு வேறொருவரின் சுமையைத் தாங்கச் செல்வதும் இக்கடனைத் தீர்க்கும் ஒரு வழியே. நமக்காகச் சுமந்தோர் யாவர் என எண்ணிப் பார்ப்போம். நாம் யாருக்காகச் சுமக்கிறோம் என்பதையும் அத்துடன் எண்ணுவோமாக.